ஊரைக் கேட்பதற்கு முன் மூன்று நாள்

எனக்குப் பதினான்கு வயதிருக்கும். பெரும்போகம் என்ற மாரிக்கால விதைப்புக்காக நெல்லை ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தோம். மறுநாள் நடுச்சாமத்தில் பெத்தா என்னை எழுப்பினார். பெத்தா என்றால் என் அம்மாவின் அம்மா. ஒரு கையில் குப்பி விளக்கு. "சாக்குக்குள் கையை விடு" என்றார். மணிக்கட்டு வரை விட்டேன். இளங்காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி போல நெல் சுட்டது. விரலிடுக்குகளில் வெள்ளை முளைகள் ஊசிமுனை அளவில் குத்தின.

"எப்படி இருக்கிறது?"

"சூடாக இருக்கிறது, பெத்தா."

"காணுமா, கூடிப்போயிற்றா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் தன் கையை விட்டு, ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு செம்பில் தண்ணீர் எடுத்துத் தெளித்து, சாக்கைப் புரட்டிப் போட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கைக்குத் தெரியும், மகள்" என்றார்.

விவசாயப் போதனாசிரியரைக் கேட்டாலும் இதே முறையைத்தான் சொல்வார்: 24 மணித்தியாலம் ஊறல், அதன்பின் 48 மணித்தியாலம் மூட்டம். அது எல்லாச் சாக்குக்கும் பொதுவான கணக்கு. மழை பெய்து குளிர்ந்து கிடந்த அந்த இரவில், அடுக்கின் அடியில் இருந்த அந்த ஒரு சாக்குக்கு என்ன தேவை என்பதைப் பெத்தாவின் கைதான் சொன்னது.

உள்மனம் சொல்வதைக் கேள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிக் கேட்பது என்று சொல்பவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்த அளவில் அதை இங்கே எழுதுகிறேன். உள்மனம் என்று நான் சொல்வது பெத்தாவின் கையில் இருந்த அந்த அறிவைத்தான். பல வருடமாகக் கண்டதும் தொட்டதும் பட்டதும் நமக்குள் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றுக்கு வாய் இல்லை. அதனால் வாய் உள்ளவர்கள் அவற்றை எளிதாக வென்றுவிடுகிறார்கள்.

என்னை எப்படி வென்றார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், மண்டூர்ப் பக்கத்தில் நான்கு ஏக்கர் வயல் செய்பவள். எங்கள் பகுதியில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் சீதனமாகப் போகும். பெத்தாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு என்று வந்த காணி இது. காணி உறுதிப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருந்தாலும், வட்டையில், அதாவது வயல்வெளியில், இறங்கி வேலை செய்பவர் ஆண்தான் என்பது ஊர் வழக்கம். 2013 ஆடி மாதத்தில் என் கணவர் இறந்தார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு.

முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு எல்லோரும் வந்தார்கள். வயலைக் குத்தகைக்குக் கொடு என்றார் அண்ணன். இரண்டு ஏக்கரை விற்று வங்கியில் போடு என்றார் பெரியப்பா. வீட்டைப் பூட்டிவிட்டுக் களுவாஞ்சிகுடிக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள் அக்கா. குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து முற்றத்தில் நின்றார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது என்று அந்த வருடம்தான் விதி வந்திருந்தது. "உங்கள் சின்னவனுக்கு ஆறு, தடை ஒன்றும் இல்லை" என்றார். என் பிள்ளையின் வயதை அவர் எனக்கு முன்பே எண்ணி வைத்திருந்தார்.

இவர்களில் ஒருவரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் பிறர் பேச்சைத் தள்ளிவைப்பது என்றாலே பிறரைப் பகைப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணன் என் மீது உயிரையே வைத்திருப்பவர். ஆனாலும் அவர் குத்தகை என்ற சொல்லைச் சொன்ன அந்தக் கணத்தில் என் அடிவயிறு இறுகியது. சாக்கு கூடிச் சுடும்போது கை தானாகப் பின்வாங்குமே, அப்படி. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. துக்கம் என்று நினைத்தேன். வயலைக் கொடுத்துவிட்டேன்.

பேசிய நெல்லில் பாதிதான் வந்தது. அது போகட்டும். குத்தகைக்கு எடுத்தவர் தன் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதற்காக என் இரண்டு வரம்புகளை வெட்டிவிட்டிருந்தார். பெத்தாவும் அம்மாவும் மண் அணைத்து அணைத்துக் கட்டிய வரம்புகள். அறுவடை முடிந்த வயலில் அந்த வெட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான், என் வயிறு ஆறு மாதத்துக்கு முன்பே சொன்னது என்ன என்று எனக்கு விளங்கியது.

எந்தக் கேள்வியை உள்ளே கேட்கலாம்

எல்லாக் கேள்விக்கும் உள்மனம் பதில் சொல்லாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அதை நம்பத் தொடங்குவது ஆபத்து.

என் கணவருக்கு அந்த இரவு நெஞ்சு அடைத்தது. களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "எனக்கு என் உடம்பு தெரியும், வாயுதான்" என்று சொல்லி, இஞ்சி அவித்துக் கேட்டார். அவித்துக் கொடுத்தேன். விடியவில்லை. அவர் நம்பியதும் உள்ளே எழுந்த ஒரு குரலைத்தான். ஆனால் மாரடைப்பு என்பது அவர் ஒருமுறைகூடக் கண்டறியாத ஒன்று. கண்டறியாத ஒன்றைப் பற்றி உள்மனத்திடம் சரக்கு இல்லை. அந்த நேரத்தில் பேசுவது ஆசை. இது வேறு ஒன்றாக இருக்கக்கூடாதா என்ற ஆசை. இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. அப்போது எங்களுக்கு அது இல்லை. நெஞ்சு வலிக்கு, பாம்புக் கடிக்கு, வெள்ள எச்சரிக்கைக்கு, காணி உறுதிக்கு உள்ளே கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அறிந்தவரிடம் ஓடுங்கள்.

நான் வயல் செய்யத் தொடங்கிய இரண்டாம் வருடம் இதே பாடம் வேறு உருவில் வந்தது. கதிர் வரும் பருவத்தில் வயலின் நடுவே ஒரு திட்டு மஞ்சளாகியது. தண்ணீர் காணாது என்று என் மனம் உறுதியாகச் சொன்னது. வரம்பில் நீர் விடும் வாயான வக்கடையைத் திறந்து நீரைக் கூட்டினேன். நான்காம் நாள் அந்தத் திட்டு நெருப்பில் வாட்டியது போல ஆகி, பாய் அளவில் இருந்தது முற்றம் அளவுக்குப் பரந்துவிட்டது. போதனாசிரியர் வந்தார். என்னைக் குனியச் சொல்லி, பயிரின் அடியை இரு கையாலும் விலக்கிக் காட்டினார். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டு முழுவதும் பழுப்பு நிறத்தில் அறக்கொட்டிப் பூச்சி. எள்ளைத் தூவியது போல அப்பிக்கொண்டு சாறு குடித்துக்கொண்டிருந்தது. நீரைக் கூட்டியதற்குப் பதிலாக வடித்திருக்க வேண்டும் என்றார். பெத்தாவின் கையில் பல வருடம் இருந்தது. என் கண்ணுக்கு அப்போது ஒரு வருடம்தான் வயது. அந்த வயதுக் கண்ணை நான் நம்பியிருக்கக்கூடாது.

ஆகவே ஒரு கேள்வி எழும்போது முதலில் உங்களை இப்படிக் கேளுங்கள்: இந்த விடயத்தில் நான் எத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன்? உங்கள் பிள்ளையைப் பற்றி, உங்கள் உடன்பிறந்தவரைப் பற்றி, செய்த தொழிலைப் பற்றி, எந்த வேலை உங்களை வாட்டுகிறது, எது உங்களை எழுப்பி நிறுத்துகிறது என்பதைப் பற்றி ஊரில் உள்ள எவரையும்விட நீங்கள் அதிக காலம் வாழ்ந்திருக்கிறீர்கள். அங்கே உங்கள் உள்மனத்துக்கே முதல் இடம். குத்தகை விடயத்தில் என் வயிறு சரியாகச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். அந்த வரம்புகளில் நான் நடை பழகியவள். அந்த மண்ணை வேறொருவர் கையில் விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே பக்கத்து வயல்களில் பார்த்திருக்கிறேன். பார்த்ததை மறந்திருந்தேன், வயிறு மறக்கவில்லை.

வாய்கட்டு

மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே மூலவர் திரைக்குப் பின்னால் இருப்பார். பூசை செய்பவர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரச் சத்தம் கேட்காது. ஆவணிப் பூரணைத் தீர்த்தத்தின்போது வாவிக்கரை முழுக்கச் சனம் நெருக்கித் தள்ளும், அரோகரா என்ற ஒலி வானைப் பிளக்கும். திரைக்கு அப்பால் மட்டும் ஒரு வாய் கட்டப்பட்டிருக்கும். குழந்தையிலிருந்து பார்த்து வந்த காட்சி. வரம்பு வெட்டுப்பட்ட வருடத்துத் திருவிழாவில்தான் அதை எனக்கான வழிமுறையாக எடுத்துக்கொண்டேன்.

முறை இதுதான். ஒரு பெரிய தீர்மானம் உங்கள் முன்னால் வந்தால், மூன்று நாள் அதைப் பற்றி எவரிடமும் வாய் திறக்காதீர்கள். அம்மாவிடம், அக்காவிடம், உயிர்ச் சிநேகிதியிடம்கூட. தொலைபேசியில் ஒரு வரி எழுதி அனுப்பவும் வேண்டாம். ஒருவரிடம் சொன்னவுடன் நீங்கள் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யத் தொடங்குகிறீர்கள்: உங்களுக்குப் பதில் தேடுவது, அவருக்கு விளக்கம் கொடுப்பது. விளக்கத்துக்கு எளிதாக வாய்க்கும் பதில் முந்திக்கொள்ளும். சரியான பதிலுக்கு அந்த நேரத்தில் பெரும்பாலும் விளக்கம் இராது.

மூன்று நாள் ஏன் என்றால், என் அனுபவத்தில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆள் பேசுவார். முதல் நாள் பயம் பேசும். நாலு பேர் என்ன சொல்வார்கள், பிள்ளைகளின் கதி என்ன, கடன்காரன் வந்தால் என்ன செய்வாய் என்று. பேசவிடுங்கள். இரண்டாம் நாள் வாதங்கள் வரும். அப்படிச் செய்தால் இவ்வளவு மிச்சம், இப்படிச் செய்தால் இவ்வளவு நட்டம். இவையும் வேண்டியவைதான், குறித்து வையுங்கள். மூன்றாம் நாள், பெரும்பாலும் நீங்கள் அதைப் பற்றி யோசிக்காத ஒரு நேரத்தில், ஒரு சின்ன வாக்கியம் வரும்.

அது வருவதற்குக் கையில் வேலை இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து கண்ணை மூடினால் எனக்கு முதல் நாள் பயம்தான் திரும்பி வருகிறது. களை பிடுங்குங்கள், தேங்காய் துருவுங்கள், பாத்திரம் துலக்குங்கள். எனக்கு வாய்த்தது பாதைப் பயணம். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் வாவியைக் கடக்கும் மிதவைப் படகைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். மோட்டார் சைக்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளும் மீன் பெட்டிகளும் நெல் மூட்டைகளும் அதில் ஒன்றாக ஏறும். ஏறியபின் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. அவசரப்பட்டாலும் அது தன் வேகத்தில்தான் போகும். 2014 புரட்டாதியில், வயலை மறுபடி குத்தகைக்குக் கொடுப்பதா, நானே செய்வதா என்ற கேள்வி என் முன்னால் இருந்தது. விதைப்புக் கூட்டத்துக்கு முந்தைய மூன்றாம் நாள், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு அக்கரையிலிருந்து திரும்பி வந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தண்ணீரைத் தொடப் பார்த்தான். அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது வந்தது: நான் செய்கிறேன். அவ்வளவுதான். ஏன் என்பது இல்லை, எப்படி என்பதும் இல்லை. பாதை கரையில் முட்டியபோது என் தோள்கள் இறங்கியிருந்தன.

கொப்பி

வந்த வாக்கியத்தை உடனே எழுதிவிட வேண்டும். மகளின் பழைய கணக்குக் கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில் நான் தொடங்கினேன், இப்போது ஐந்தாவது கொப்பி. ஒரு பக்கத்தை நீளவாக்கில் மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பகுதியில் திகதியும், உள்ளே வந்த வாக்கியமும். அதை எழுதி முடித்த பிறகே மற்றவர்களிடம் போங்கள். இரண்டாம் பகுதியில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது. மூன்றாம் பகுதியை வெறுமையாக விடுங்கள். அதை நிரப்ப ஒரு போகமாவது ஆகும்.

எழுதாமல் விட்டால் என்ன? நடந்தது நல்லதாக முடிந்தால், எனக்கு அப்போதே தெரியும் என்று மனம் சொல்லும். கெட்டதாக முடிந்தாலும் அதையேதான் சொல்லும். நினைவு எப்போதும் வென்றவர் பக்கம் சாயும். கொப்பி சாயாது.

சின்ன விடயங்களில் தொடங்குங்கள். நான் எழுதிய முதல் சின்ன விடயம் அரை ஏக்கருக்கு என்ன விதை போடுவது என்பதுதான். எல்லோரும் பிஜி 94-1 போட்டார்கள், எனக்குள் ஏடி 362 என்று வந்தது. இரண்டும் மூன்றரை மாத நெல். ஏடி சிவப்பு அரிசி, எங்கள் வீட்டில் விரும்பிச் சாப்பிடுவது. அரை ஏக்கரில் தவறினால் குடி முழுகாது. கல்யாணத்துக்கு எந்தச் சேலை கட்டுவது, கூப்பிட்ட வீட்டுக்குப் போவதா இல்லையா, இந்த மாதச் சீட்டைப் பிடிப்பதா விடுவதா என்று பாருங்கள். இருபது முப்பது வரிகள் சேர்ந்தபின் புரட்டினால் ஒரு வடிவம் தெரியும். என் கொப்பியில் மனிதர்களைப் பற்றி வந்த வாக்கியங்கள் பெரும்பாலும் சரியாக இருந்தன. பணத்தைப் பற்றி வந்தவை பாதிக்குப் பாதி. யந்திரங்களைப் பற்றி வந்தவை அநேகமாகப் பிழை. அதனால் உழவு மெசினில் கோளாறு என்றால் நான் என் மனத்தைக் கேட்பதில்லை, மெக்கானிக்கைக் கேட்கிறேன். உங்கள் கொப்பி உங்களுக்கு வேறு கணக்கைக் காட்டும்.

2021 ஐப்பசிப் பக்கம் என் முன்னால் இருக்கிறது. அந்த வருடம் சித்திரை கழிந்ததும் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள், கார்த்திகை மாதத்தில்தான் தடையை நீக்கினார்கள். இடையில் வந்தது பெரும்போகம். முதல் பகுதியில் "இரண்டு ஏக்கர் மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் பகுதியில் இரண்டு கட்சி: நான்கையும் விதை, நட்டஈடு தருவார்கள் என்று ஒரு கட்சி, ஒரு மணியும் விதைக்காதே என்று மற்றது. மூன்றாம் பகுதியில் "வீட்டுக்கு நெல் காணும். கடன் இல்லை" என்று இருக்கிறது. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று சத்தம் போடும்போது, உள்ளே வருவது பல தடவை இரண்டுக்கும் நடுவிலான ஒரு சிறிய எண்ணாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

எந்தக் குரல் எது

இதுதான் கடினம். இதில் நான் பெரிய பிழை விட்டிருக்கிறேன்.

2017இல் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வாய்க்கால் விடயமாகத் தகராறு. அவருடைய வயலுக்குப் போகும் நீர் என்னுடைய மேல் வரவையை, அதாவது மேல் வயல் துண்டை, சுற்றி வர வேண்டும் என்றார். "விட்டுக் கொடுக்காதே" என்று உள்ளே வந்தது. தெளிவாக, பலமாக, இரவு முழுக்க வந்தது. இது என் உள்மனம் என்று நம்பினேன். பதினொரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. அவருடைய மூத்த மகள் பெரியபிள்ளையான சடங்குக்குப் போகவில்லை. மாமியாக நின்று நான் தண்ணீர் வார்த்திருக்க வேண்டிய பிள்ளை அவள். அந்த நாள் அவளுக்கு இனி வராது.

பிறகு கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தையும் பாதையில் வந்த வாக்கியம் இருந்த பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அன்றிலிருந்து சில அடையாளங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோபம் அவசரப்படுத்தும். இன்றே, இப்போதே என்று நிற்கும். அதற்கு எப்போதும் எதிரில் ஓர் ஆள் வேண்டும். "விட்டுக் கொடுக்காதே" என்ற சொல்லில் அண்ணன் இருந்தார். "நான் செய்கிறேன்" என்ற சொல்லில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. பயத்தின் குரல் இன்னொருவருடைய குரல். உற்றுக் கேட்டால் அது யாருடைய குரல் என்றுகூடச் சொல்லிவிடலாம். என்னுடைய பயம் பெரியப்பாவின் தொண்டையில் பேசுகிறது, அவர் இருமுவதுபோல் இருமவும் செய்கிறது. ஆசை நிறையக் காரணம் சொல்லும். ஒரு காரணத்தை வெட்டினால் இன்னொன்றைத் துளிர்க்கவைக்கும்.

உள்ளே இருந்து வருவது சின்னதாக வரும். காலையில் எழுந்து பாருங்கள், அதே சொற்களில் இருக்கும். நீங்கள் அதோடு சண்டை போட்டாலும் சத்தத்தைக் கூட்டாது. அது சொல்வது பல வேளை நமக்குப் பிடிக்காததாகவும் இருக்கும். வயல் செய்வது எனக்குப் பிடித்த வேலை என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. விடியப் பனியில் வக்கடை கட்ட யாருக்குத்தான் பிடிக்கும்?

உடம்பையும் பாருங்கள். கோபத்தில் என் தாடை இறுகும், பயத்தில் மூச்சு மேலே நிற்கும். பாதையில் தோள் இறங்கியது. உங்கள் உடம்பின் அடையாளங்கள் வேறாக இருக்கலாம், அவற்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

நட்டம் வந்தால்

நான் பொறுப்பெடுத்த முதல் போகமே 2014 மார்கழி வெள்ளம். அந்த மாதம் மட்டக்களப்பு முழுவதும் நீரில் கிடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். என் நான்கில் இரண்டு ஏக்கர் அழிந்தது. வயல் குடிசையான வாடியின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. "சொன்னோமே கேட்டாயா" என்று சிலர் நேரில் சொன்னார்கள். மற்றவர்கள் பார்வையால் சொன்னார்கள்.

அன்றிரவு மூன்றாம் பகுதியில் "பிழைத்துவிட்டது" என்று எழுதப்போன கையை நிறுத்தினேன். என் பக்கத்து வயல்காரர் முப்பது வருட அனுபவம் உள்ளவர், அவருக்கும் அதே வெள்ளத்தில் அதே அழிவு. வயலை நான் செய்யாமல் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் மழை பெய்யாமல் விட்டிருக்குமா? நட்டம் வந்தது என்பதற்காகத் தீர்மானம் பிழை என்று ஆகிவிடாது. இலாபம் வந்தது என்பதற்காகச் சரி என்றும் ஆகிவிடாது. மூன்றாம் பகுதியை நிரப்பும்போது இப்படிக் கேளுங்கள்: அன்று எனக்குத் தெரிந்திருந்ததை வைத்துப் பார்த்தால், இன்றும் அதையே செய்வேனா? "ஆம்" என்று எழுதினேன். அறுவடையில் மிஞ்சிய இரண்டு ஏக்கர் நெல் அடுத்த விதைக்கும் வீட்டுக்கும் போதுமானதாக இருந்தது. வாய்க்கால் விடயத்துக்கு அதே கேள்வியைப் போட்டபோது "இல்லை" என்று வந்தது. அடுத்த நாளே ஒரு சட்டித் தயிர் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

ஊருக்கு என்ன சொல்வது

விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் சொன்னால் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்து உங்களைத் திரும்ப இழுப்பார்கள், அதுவும் அன்பினால். "யோசித்துத்தான் செய்கிறேன், பெரியப்பா. உங்கள் உதவி வேண்டிய இடத்தில் கட்டாயம் வந்து கேட்பேன்" என்றேன். பிறகு கேட்கவும் செய்தேன்: உழவுக்கு யாரைப் பிடிப்பது, நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டை விதானையாரிடம் தண்ணீர் முறையை எப்படிப் பேசுவது, வெட்டு மெசினுக்கு என்ன கூலி நியாயம். அவர் அறிந்ததை அவரிடம் கேட்டபோது அவருடைய மனத்தாங்கல் பாதி கரைந்துவிட்டது. செய்வதா என்ற கேள்வியை நான் வைத்துக்கொண்டேன், எப்படிச் செய்வது என்ற கேள்வியை அவருக்குக் கொடுத்தேன்.

இன்னொருவர் உங்களிடம் வந்தால்

இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆனதற்கு மகள்தான் காரணம். கடைசிப் பாடம் அவளால்தான் வந்தது. உயிரியல் பிரிவில் இரண்டாம் முறை உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றாள். மூன்றாம் முறையும் எழுத இடம் உண்டு. எழுதத்தான் வேண்டும், டொக்டராக வேண்டும் என்பது அண்ணனின் முடிவு. தாய்மாமன் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இருக்கும் எடை உங்களுக்குத் தெரியும். வீட்டுச் சுவரில் இருக்கும் விபுலானந்த அடிகளின் படத்தைக் காட்டி, எங்கள் மண்ணில் பிறந்து எவ்வளவு படித்தார் பார் என்பார். உண்மைதான். 1892இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாயில் கல்லூரி அதிபராக இருந்தவர். அந்தப் பதவியை விட்டுவிட்டு 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போனவரும் அவரேதான். படத்தின் அந்தப் பாதியை அண்ணன் சொல்வதில்லை.

மகள் என்னிடம் வந்து, "அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டாள். எனக்குள் பதில் தயாராக இருந்தது. நாக்கின் நுனியில் இருந்தது. அப்போதுதான் புரிந்தது, மற்றவர்களிடமிருந்து என் காதைக் காப்பதைவிட, என் வாயிலிருந்து என் பிள்ளையைக் காப்பது கடினம். ஒரு புதுக் கொப்பியை எடுத்து மூன்றாகக் கோடு போட்டுக் கொடுத்தேன். மூன்று நாள் என்னிடமும் பேசாதே என்றேன். அந்த மூன்று நாளும் அவள் நெல் அவித்தாள், முற்றத்தில் பாயில் கொட்டிக் காலால் கிளறினாள், மழை இருட்டினால் ஓடிப்போய்ச் சுருட்டினாள். நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமலிருக்கச் சமையலறைப் பக்கம் போய்விடுவேன்.

நான்காம் நாள் காலை, தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்து வாசித்தாள்: "மூன்றாம் முறை எழுதப்போவதில்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன்."

"எத்தனை நாளாக இதே வரி?"

"இரண்டாம் நாள் இரவிலிருந்து, அம்மா. மாறவே இல்லை."

அவளுடைய தோளைப் பார்த்தேன். பிறகு, "மாமாவிடம் நீயே சொல்கிறாயா, நானும் கூட வரட்டுமா?" என்றேன்.

"கூட வாருங்கள்" என்றாள். "ஆனால் நீங்கள் பேச வேண்டாம்."

சேலையை மாற்றிக்கொண்டு அவளோடு போனேன். அண்ணன் வீட்டு விறாந்தையில், அவள் பேசி முடிக்கும் வரை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.